லிங்கனின் தகப்பனும் பேர்பெச்சுவாவின் தொழிலும்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பேர்பெச்சுவாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இந்த நாட்டில் கோப்பை கழுவி, இன்று இரண்டு பலசரக்குக் கடைக்கு முதலாளியாக இருக்கிறவன் நான். சொந்தக் காலில் நின்றவனுக்குத்தான் அப்படி நின்ற இன்னொருவரின் அருமை தெரியும்.

மன்னாரிலிருந்து வந்தவள் அவள். வந்த சில வருடங்களிலேயே புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். மகள் ஜெசிக்காவை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தாள். பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் திருத்துகிற ஜெர்மன் கிழவர் ஒருவரிடம் உதவிக்குப் போய், குதி அடிக்கவும் தோல் தைக்கவும் பழகினாள். அவர் ஓய்வெடுத்தபோது கடையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் சனத்துக்கு அது பிடிக்கவில்லை. "வேறை வேலை கிடைக்கேல்லையோ? ஊரிலை ஆர் செய்யிற வேலை அது?" என்று பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலிலேயே கேட்டார்கள்.

"உங்கடை சப்பாத்துப் பிஞ்சா பின்வாசலாலை வாங்கோ. ஒருத்தரும் காணமாட்டினம்" என்றாள் அவள்.

2007இல் ஜெசிக்காவுக்கு பீலெஃபெல்டில் ஒரு சம்பந்தம் பேசினேன். மாப்பிள்ளை டெனிஸ்டன். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் யோசப்தான் சாதி, தொழில் என்று பழைய ஊர்க்கணக்குப் பார்க்கிற மனுசன்.

"கடை வைச்சிருக்கிறன் எண்டு மட்டும் சொல்லு. என்ன கடை எண்டு சொல்லாதை" என்று பேர்பெச்சுவாவுக்கு முன்கூட்டியே சொன்னேன்.

"ஒளிச்சு எடுக்கிற சம்பந்தம் எனக்கு வேண்டாம் அண்ணை."

"அப்ப என்னட்டை விடு."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேர்பெச்சுவா வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி வந்ததும் யோசப் கேட்டார்: "தாய்க்கு என்ன தொழில்?"

நான் எழும்பி நின்றேன். என் குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. "அமெரிக்க சனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சபையிலை ஒரு பணக்காரன், உன்ரை தேப்பன் எனக்குச் சப்பாத்துத் தைச்சவன் எண்டு நக்கலடிச்சான். லிங்கன் என்ன சொன்னவர் தெரியுமோ? அந்தச் சப்பாத்துக் கடிச்சாச் சொல்லு, எனக்கும் தைக்கத் தெரியும் எண்டார். பேர்பெச்சுவா செய்யிறதும் அதே தொழில்தான்!"

யோசப் அசந்துபோய்த் தலையாட்டினார். காரியம் முடிந்தது என்று நான் உட்காரப் போனேன்.

மாப்பிள்ளையின் தமக்கை டெல்சி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவள். "மாமா, அது கட்டுக்கதை" என்றாள். "நானும் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியிலை இதைச் சொல்லி முதல் பரிசு எடுத்தனான். பிறகு தேடிப் பாத்தா, அப்பிடி நடந்ததுக்கு ஒரு பதிவும் இல்லை."

"எத்தினை மேடையிலை கேட்ட கதை, பிள்ளை!"

"மேடையிலை சொன்னா நடந்ததாயிடுமோ மாமா?"

ஜெசிக்கா கணினியைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தோம். லிங்கனின் தகப்பன் தச்சு வேலை செய்தவர், வயலில் கமம் செய்தவர். சப்பாத்துத் தைத்ததாக எங்கும் இல்லை. பிழையென்று தெரிந்தபின் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான் இல்லை. "டெல்சி சொல்லுறது சரி" என்றேன்.

யோசப் கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப லிங்கன்ரை ஆக்கள் தச்சர்தானே. இது வேறை எல்லோ."

ஜெசிக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பேர்பெச்சுவா மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓம், லிங்கன்ரை தேப்பன் தைக்கேல்லை. நான் தைக்கிறன். என்ரை பிள்ளையை அதிலைதான் படிப்பிச்சனான். சரியெண்டாத் தேத்தண்ணியைக் குடியுங்கோ. இல்லாட்டி அப்பிடியே வைச்சிட்டு எழும்புங்கோ."

டெனிஸ்டன் தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்து முடித்து நீட்டினான். "மாமி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."

யோசப் மகனைப் பார்த்தார். பிறகு டெல்சியைப் பார்த்தார். அவளும் குடித்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"ஆறிப்போச்சு. சூடா ஒண்டு போடுங்கோ, சம்பந்தி."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் ஜெசிக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினாள்.