பாதி மூடிய கண்ணுக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஹனோவரில் நாங்கள் இருந்த வருஷங்களில், தமிழ்க் கிறிஸ்தவர்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். ஒரு ஜெர்மன் சபை தன் கீழ்த்தள ஹாலை எங்களுக்குத் தந்திருந்தது. பாட்டு, செய்தி, ஜெபம், நடுவில் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அதற்கு நான்தான் பொறுப்பு. ஆளுக்கு மூன்று நிமிஷம். தாண்டினால் கையைத் தூக்கி வாட்ச்சைத் தட்டிக் காட்டுவேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் மீட்டிங் நடத்திப் பழகிய திமிர், வேறென்ன.

சாட்சி என்றால் கனமாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. விசா நீட்டித்தது, போன வேலை திரும்பக் கிடைத்தது, ஒன்பது வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தது, இப்படி. அவர்கள் ஐந்து நிமிஷம் பேசினாலும் வாட்ச்சைத் தொடமாட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் உட்காருவார். ரெஸ்டாரன்ட் ஒன்றில் பாத்திரம் கழுவுகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணை. மாசம் தவறாமல் கை தூக்கிவிடுவார். “இந்த மாசம் முழுக்க வீட்டில ஹீட்டர் வேலை செய்தது. ஸ்தோத்திரம்” என்பார். இன்னொரு மாசம், “காலமை எழும்பினன். கால் ரெண்டும் நிலத்தில நல்லா ஊண்டிச்சு. ஸ்தோத்திரம்.” அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்குப் போகும்போது காரில் மனைவியிடம், “அடுத்த மாசம் பாரு, சளி பிடிக்கலைன்னு சாட்சி சொல்லுவார்” என்பேன். அவள் சிரிக்கமாட்டாள். அதுவும் எரிச்சல்தான்.

ஒரு நவம்பர் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தேன். “சின்னச் சின்ன விஷயமெல்லாம் வீட்டு ஜெபத்துல சொல்லிக்கலாம். இங்க பெரிய காரியங்களை மட்டும் சொல்லுங்க. நேரம் பத்தலை.” யாரைச் சொல்கிறேன் என்று ஹாலுக்கே தெரியும். கூட்டம் முடிந்து கோட்டை மாட்டும்போது அவர் என்னிடம் வந்தார். “ஓம் தம்பி, விளங்குது” என்றார். முகத்தில் கோபமே இல்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் அவர் கை தூக்கவில்லை, அவரைப் பார்த்து வேறு சிலரும் தூக்கவில்லை. பத்து நிமிஷம் முன்னதாகவே முடித்தோம். எனக்குப் பரம திருப்தி.

அதே ஜனவரி கடைசியில், ஒரு காலை, பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது பக்கமாகச் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தில் பாதி அப்படியே தொங்கிக் கிடந்தது. ஆடிப்போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு மட்டும் செயலிழந்திருக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது, உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்லமுடியாது. மாத்திரையும் கண்ணுக்கு ஒரு களிம்பும் தந்தார். இடது கண் மூடவே இல்லை. மூடாத கண் காய்ந்தால் பார்வையே கெடும் என்று, வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு கவசத்தை ஒட்டி அனுப்பினார்கள்.

நான் பயந்தது கண்ணுக்குத்தான். நாற்பது வருஷமாக இமைத்திருக்கிறேன், அதை ஒரு வேலை என்றே நினைத்ததில்லை. காப்பியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். ஆபீஸ் போனில் ப, ம எல்லாம் காற்றாகப் போயின. மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஆண்டவரிடம் ஒரு பொருத்தனையும் செய்தேன்: முழுசாகக் குணமாக்கும், எல்லார் முன்னும் சாட்சி சொல்கிறேன். என் சட்டப்படி அது பெரிய காரியம், இடம் உண்டு.

பிப்ரவரிக் கூட்டத்துக்குக் கவசத்தோடு போனேன். “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார்கள். எல்லோரும் மூடினார்கள், எனக்கு ஒன்றுதான் மூடியது. திறந்து கிடந்த கண்ணுக்கு ஹால் முழுக்கத் தெரிந்தது. கடைசி வரிசையில் அண்ணை தன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி உதடு அசைய நின்றிருந்தார். தலைவலி போல என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு நாள் களிம்பு போட்டுக்கொண்டிருந்த மனைவி, “அசையுதுங்க” என்றாள். கண்ணாடிக்கு ஓடினேன். இமை பாதி இறங்கி நின்றது. பாதிதான். சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, என் சட்டப்படி இது சின்ன விஷயம். முழுசாகட்டும் என்று காத்திருக்கலாம். முழுசாகாமலே போனால்? இந்தப் பாதிக்கு யார் நன்றி சொல்வது?

அந்தச் சனிக்கிழமை சாட்சி நேரத்தில் முதல் ஆளாக நானே எழுந்தேன். “ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தேன். பாதி இமையைச் சொன்னேன். காப்பியைச் சொன்னேன், வாய் கொப்பளிக்கிற தண்ணீரைச் சொன்னேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை இமைக்கிறோம், அதற்கு யாராவது நன்றி சொல்லியிருக்கிறோமா என்று கேட்டேன். எச்சில் ஒழுக, துடைத்துத் துடைத்துப் பேசினேன். மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. நவம்பரில் நான் பேசியது வாய்க்கொழுப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, “அண்ணை, நீங்க சொல்லுங்க” என்றேன்.

அவர் தயங்கித்தான் எழுந்தார். “தம்பியின்ர கண் மூடவேணும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். பாதி மூடியிருக்கு. ஸ்தோத்திரம்.” உட்கார்ந்துவிட்டார்.

கைக்குட்டையால் வாயோடு கண்ணையும் சேர்த்துத் துடைத்தேன். நரம்பின் மேல் பழி போட்டுக்கொண்டு நின்றேன். முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்களை மூடினார்கள். நானும் முடிந்த மட்டும் மூடினேன். மூடாத பாதி வழியாகக் கடைசி வரிசை தெரிந்தது. அண்ணையின் உள்ளங்கை இன்னும் அவர் இடது கண் மேல்தான் இருந்தது.