மேளத்தைத் தொடாத கஞ்சிக்காரி

மலாவி ஏரிக்கரையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோளக்கஞ்சி காய்ச்சுகிற அபிட்டி கைசிக்கு வாய் நீளம், மனசு பஞ்சு. பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் எந்தப் பிள்ளையாவது வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றால், காதைத் திருகி இழுத்து வந்து கஞ்சி ஊற்றுவாள். பெண்பிள்ளைகள் வயசுக்கு வந்தால் மேளம் தட்டிச் சடங்கு நடத்துகிறவளும் அவள்தான். அவளோடு அடுப்பு ஊதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா!

எங்கள் பையன்களுக்கு ஒரு கூறுகெட்ட பெருமை. ஒண்ணுக்குச் சிவப்பாய்ப் போனால் ஆம்பளை ஆகிவிட்டானாம். நத்தையிலிருந்து ஏரித் தண்ணீருக்கு வருகிற பூச்சி உடம்பில் ஏறித்தான் அந்த ரத்தம் என்று வாத்தியார் படம் போட்டுக் காட்டியும், மத்தியானம் போய்க் குதிக்கத்தான் செய்வார்கள். பெண்பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று பாத்திரம் கழுவுவார்கள். பூச்சிக்கு அது போதாதா?

மலித்தாவின் மகள் லுக்கியா மூன்றாம் வகுப்பு. துணியில் கறையைப் பார்த்ததும், மகள் பெரியவளாகிவிட்டாள் என்று மலித்தா ஊரைக் கூட்டிவிட்டாள். சடங்கு முடிந்த கையோடு கல்யாணம். மீன் பிடிக்கிற வலைக்காரன் ஒருவன் பெண் கேட்டுக் காத்திருந்தான். அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. இந்த விஷயத்தைத் தாயும் மகளும் பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. பிள்ளையைக் குடிசைக்குள் உட்கார வைத்தாயிற்று. சடங்குக்காரிதான் உள்ளே போய்க் கேட்க வேண்டும்.

அபிட்டி கைசி போய்க் கேட்டாள். ஒண்ணுக்குப் போகும்போது மட்டும்தான் வருகிறது, எரிகிறது, பையன்களுக்கு வருகிற மாதிரியே என்று அழுததாம் குழந்தை. வெளியே வந்தவள் மேளத்தைத் தொடவில்லை. இது சடங்கு ரத்தம் இல்லை, மாத்திரை கொடு என்றாள்.

மலித்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகளை நோயாளி என்கிறாயா, நீ இல்லாவிட்டால் வேறொருத்தி தட்டுவாள் என்று கத்தினாள். ஒன்றுக்கு ஒன்பது திருப்பிக் கொடுக்கிற அபிட்டி கைசி அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"என்னையும் இந்த வயசுலதான்டி உட்கார வச்சாங்க. அதுவும் ஏரி ரத்தம்தான். நெசமா நான் வயசுக்கு வந்தது புருஷன் வீட்டுல. அந்தப் பூச்சி உள்ளயே இருந்து அரிச்சிருச்சு, மலித்தா. வயித்துல ஒண்ணுகூடத் தங்கல."

கூட்டம் கலைந்தது.

மாத்திரை நாளன்று மலித்தாவே மகளைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தாள். அடுப்படியில் கிண்ணத்தை நீட்டி, "அக்கா, ஒம் மகளுக்குக் கஞ்சி ஊத்து" என்றாள்.

அபிட்டி கைசி அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.