திறக்கக் கூடாத கமராவோடு கொட்டாஞ்சேனைக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பத்துக் கிலோமீற்றரில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிலிம் கழுவக் கொண்டுபோகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரணம் இதுதான். கனடாவிலிருக்கும் என் தம்பி குகனோடு அப்பா ஒன்பது வருடமாகக் கதைக்கவில்லை. தன்னைக் கேட்காமல் கலியாணம் செய்தான் என்ற கோபம். இரண்டு கிழமை லீவில் வந்தவனிடம் "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. ஞாயிறு இரவு அவனுக்கு பிளேன். அன்று பின்னேரம் ஹோலில் அவனைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா தானாக வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றார். "எடு பிள்ளை," என்றார். ஒரே ஒரு கிளிக். அடுத்த படத்துக்கு பிலிமைச் சுற்றினால் திருகு அசையாமல் இறுகிவிட்டது. போனைத் தேடி எடுப்பதற்குள் மனிசன் அறைக்குள் போய்விட்டார்.

கமராவும் என்னுடையதல்ல, கொட்டாஞ்சேனை ஷெரினுடையது. துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் சிநேகிதி, வீட்டிலேயே பிலிம் கழுவுவாள். என் மடிப்புக் கமராவில், லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் தோல் துருத்தியில் ஓட்டை விழுந்திருந்தது. அதை ஒட்டக் கொடுத்தபோது தன்னுடையதை எனக்குத் தந்திருந்தாள். இரண்டும் எழுபது வருடப் பழைய ஜெர்மன் சாமான், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நிலைமையைப் போனில் சொன்னேன். "கை வைக்காதடி. பின்மூடி திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிரும். செவ்வாய் எனக்கு லீவு, அப்பிடியே கொண்டு வா," என்றாள்.

காலை 9.10க்கு இரத்மலானையிலிருந்து மட்டக்குளி போகும் பஸ்ஸில் ஏறினேன், 90 ரூபாய். இருக்க இடமில்லை. கமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்மூடியின் கொக்கி கழன்றுவிட்டதோ என்று தடவித் தடவிப் பார்த்தேன். 10.25க்கு இறங்கி ஓட்டோ பிடித்தால், அரைக் கிலோமீற்றரில் நிறுத்திவிட்டார் டிரைவர்.

"அக்கா, இண்டைக்குச் செவ்வாக்கிழம. கொச்சிக்கட கோயிலுக்குப் போற சனம். இதுக்கு மேல நடந்துதான் போகோணும்."

செவ்வாய் தோறும் அந்தத் தேவாலயத்தில் சனம் நெரியும் என்பது கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மறந்துவிட்டது. 200 ரூபாய் கொடுத்துவிட்டு நடந்தேன். முன்பு குண்டு வெடித்த கோயில் என்பதால் தெருவை மறித்து ஒரு மேசை போட்டுப் பைகளைச் சோதித்தார்கள். பொலிஸ்காரப் பெண் கமராவை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். மடித்து மூடியிருந்தால் அது கமரா மாதிரியே இருக்காது, கனமான இரும்புப் பெட்டி.

"மேக்க அரின்ன," என்றார். இதைத் திற என்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பெருவிரல் பக்கவாட்டுக் கொக்கிக்குப் போய்விட்டது. பின்மூடியின் கொக்கி! "ஐயோ மிஸ், எப்பா, எப்பா!" என்று கத்தினேன். வேண்டாம், வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஆனால் சோதனை மேசையில், கையில் ஒரு இரும்புப் பெட்டியோடு நிற்பவரைப் பார்த்து அப்படிக் கத்தலாமா? பின்னாலிருந்த சனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகியது. இன்னும் இரண்டு பொலிஸ்காரர் ஓடி வந்தார்கள். என் கைகளை மேசையில் வைக்கச் சொன்னார்கள்.

உள்ளே பிலிம் இருக்கிறது, அப்பாவும் தம்பியும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் உளறினேன். கண்ணீர் வந்துவிட்டது. மேலே இருக்கிற சின்னப் பொத்தானை மட்டும் அமர்த்துங்கள் என்று, கையை எடுக்க முடியாமல் நாடியை நீட்டிக் காட்டினேன். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு அமர்த்தினார். டக்கென்று முன்கதவு விழுந்து, துருத்தி விரிந்து, லென்ஸ் எட்டிப் பார்த்தது. "ஷா! லஸ்ஸனய்," என்று சிரித்துவிட்டார். அழகாயிருக்கிறதாம். கமராவை மடித்து வாங்கிக்கொண்டு ஷெரின் வீட்டுக்கு ஓடினேன்.

ஷெரின் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கமராவை வைத்து, கைவிட்டு பிலிமை எடுத்தாள். கழுவி முடிக்க முக்கால் மணித்தியாலம், நான் குளியலறை வாசலிலேயே நின்றேன். பிறகு நெகட்டிவைப் போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையை மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அப்பாவின் முகமும் தம்பியின் முகமும் வெறும் மங்கல்.

"தூரத்தை லென்ஸில போட்டியா?" என்றாள் ஷெரின்.

"எந்தத் தூரம்?"

தலையிலடித்துக்கொண்டாள். இந்தக் கமரா மூன்று வகையாக வந்திருக்கிறது. ஒன்றில் தூரத்தை நாமே ஊகிக்க வேண்டும். இன்னொன்று தூரத்தை அளந்து சொல்லும், அந்த இலக்கத்துக்கு லென்ஸை நாம்தான் திருப்ப வேண்டும். மற்றதில் அளக்கும்போதே லென்ஸும் சேர்ந்து திரும்பும். என்னுடையது கடைசி வகை, ஷெரினுடையது இரண்டாவது. தரும்போதே சொன்னாளாம். என் மரமண்டையில் ஏறவில்லை. லென்ஸ் பத்து அடியிலேயே நின்றிருக்கிறது. அவர்கள் நின்றது ஐந்தடியில். என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

"பொறு," என்றாள் ஷெரின். "பின்னால நிக்கிறது ஆரு?"

பத்தடியில், குசினி வாசலில், அம்மா. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறா. இமை மயிர்கூடத் தெளிவு.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமையில் போகாதீர்கள். சோதனையில் கேட்குமுன்பே கமராவின் முன்கதவை நீங்களே திறந்து காட்டுங்கள். இரவல் கமரா என்றால் எந்த வகை என்று இரண்டு தரம் கேளுங்கள். கழுவக் கூலியாக ஷெரின் ஒரு சதமும் வாங்கவில்லை, திட்டு மட்டும் தந்தாள்.

மூன்று மணிக்கு வீடு வந்து படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்டைக்கு இவள் அழுதவளோ?"

"அண்டைக்கு மட்டுமில்லை அப்பா. ஒன்பது வருசமும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் போனை என்னிடமே நீட்டி, "தம்பிக்கு ஒரு கோல் அடிச்சுத் தா," என்றார். கனடாவில் இன்னும் விடிந்திருக்காது. அதைச் சொல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.