விலாங்குக்கு ஏதய்யா செதில்?

இன்று காலை பஸ் சைதாப்பேட்டைப் பாலத்தில் நெரிசலில் மாட்டி நின்றது. முன் சீட்டில் என் பள்ளித் தோழன் சேகர், பக்கத்தில் இருந்தவரிடம் அளந்துகொண்டிருந்தான்.

"எழுபத்தொண்ணுல இதே அடையாத்துல வெறுங்கையால விலாங்கு புடிச்சவன் சார் நானு. செதில சீவி, வறுத்துத் துன்னோம்."

பின்சீட்டில் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.

விலாங்குக்கு ஏதய்யா செதில்? வெறுங்கையில் நிற்குமா அது? நழுவாமல் பிடிக்கத்தானே பால் டப்பாவில் அடுப்புச் சாம்பல் கொண்டுபோவோம்! வீட்டிலும் சாம்பல் போட்டுத் தேய்த்து வழவழப்பைப் போக்கித்தான் அக்கா குழம்பு வைப்பாள்.

ஒருநாள் என் தூண்டிலில் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. டப்பா சேகர் கையில். கேட்டேன்.

"பாம்புடா!" என்று அலறி, டப்பாவை ஆற்றில் போட்டுவிட்டு ஓடினான். விலாங்கும் நழுவிப் போனது. அன்று எங்கள் வீட்டில் வெறும் ரசம்.

தோளைத் தட்டினேன்.

"இன்னா சேகரு, சாம்பல் டப்பா எங்கடா?"

திரும்பிப் பார்த்தவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான். அவன் வீட்டுக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருக்கிறது.

அடையாற்றில் விலாங்கு பிடித்த வீரர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கமெண்டுக்கு வரும்போது டப்பாவோடு வாருங்கள்.