பதினேழு தடவை தோற்ற ஈயமுகன்

அந்தப் பதிப்பகத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போனதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். கடைசித் தாளின் வலது மூலையில் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதி, கீழே கையெழுத்து, தேதி, மணி மூன்றும் போடுவாள். "குழந்தை பொறந்த நேரம் குறிக்கிற நர்ஸ் மாதிரி மணி போடுறாங்கப்பா" என்று முதலாளி கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள். மணியும் போடுவாள்.

பிழை திருத்தும் வேலை. வயது ஐம்பத்து மூன்று. எல்லோருக்கும் அவள் 'அட்டை அக்கா'. மேஜையின் இடது பக்கம் இருக்கும் நீளமான மரப்பெட்டிதான் காரணம். தொடர் நாவல்களில் வரும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெட்டியில் ஓர் அட்டை உண்டு. எந்தக் கண்ணில் காயம், எந்த நாளில் எந்த ஊர், எந்த ரகசியம் யார் மூலம் எந்தப் பக்கத்தில் தெரிந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு பாகத்தில் செத்துப்போன குதிரை அடுத்த பாகத்தில் ஓடி வந்தபோது கையும் களவுமாகப் பிடித்தவள் அவள்தான்.

அந்த வியாழக்கிழமை அவள் முன்னால் இருந்தது ஒரு மாயக் கதையின் ஆறாவது பாகம், கடைசிப் பாகம். முந்தைய ஐந்தும் சக்கைப்போடு போட்டவை. நான்கு மணிக்கு மிஷின் ஓட வேண்டும்.

அன்று காலை தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டுக்காரர் கேட்டிருந்தார்: "கடைசியில யாரு சாகுறா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லவே வேணாம். ஈயமுகன்தான் சாவான். அவனெல்லாம் ஒரு வில்லனா? எங்க கிடங்குல திருடினானே ஒருத்தன், அவன் வில்லன். நாலு மாசம் தினமும் எனக்கு வணக்கம் வெச்சிட்டுத்தான் உள்ள போனான். நான் எந்த நேரத்துல கண்ணசருவேன்னு எனக்கே தெரியாது, அவனுக்குத் தெரியும்." அவர் கிடங்குக் காவலாளி. அந்தத் திருடனைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் குரல் இறங்கிவிடும்.

பகல் இரண்டரைக்கு, பிழை முழுக்கத் திருத்தி முடித்து அட்டைகளோடு ஒத்துப் பார்க்கும்போது, 611ஆம் பக்கத்தில் அவள் பென்சில் நின்றது. இளவரசியும் ஆறு தோழர்களும் தண்ணீரில் நீந்தி, மதகுச் சுரங்கம் வழியாக ஈயமுகனின் கோட்டைக்குள் நுழைகிறார்கள். காவல் இல்லை, பூட்டுகூட இல்லை. அவள் ஈயமுகனின் அட்டையை உருவினாள். 'மூன்றாம் பாகம், பக்கம் 212: மதகுச் சுரங்கம் இருப்பதை ஒற்றன் சொல்லி அறிகிறான்.'

தெரிந்தவன் ஏன் திறந்து போட்டான்?

அட்டையைக் கீழ்வரை படித்தாள். பதினேழு மோதல்கள். 'முடிவு' என்ற பத்தியில் பதினேழு தடவை 'தோல்வி' என்று அவளே எழுதியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் எதிரி கைக்குள் வந்தபின் அரைப் பக்கம் வசனம் பேசுவான். அதற்குள் கட்டு அவிழ்ந்துவிடும். ஒவ்வொன்றாக எழுதியபோது உறுத்தாதது, மொத்தமாகப் பார்த்தபோது சுருக்கென்றது.

தாள்களோடு முதலாளி அறைக்குப் போனாள். நாவலாசிரியரும் அங்கேதான் இருந்தார். அவள் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"ஒற்றெழுத்து விட்டுப் போச்சுன்னா சொல்லுங்க அக்கா. கதைய நான் பாத்துக்கறேன்."

"கதைய நான் தொடலைங்க. அவருக்குத் தெரிஞ்ச விஷயம் திடீர்னு தெரியாமப் போச்சு. அதான்."

"மறந்திருப்பான்."

"தாத்தாவுக்குத் தாத்தாவைக் குத்தினவன் வம்சத்தையே ஞாபகம் வெச்சுத் தேடுறவரு, சொந்தக் கோட்டை வாசல மறப்பாரா?"

"அவரு இவருங்கறாங்க பாருங்க! என்ன, உங்களுக்குச் சொந்தமா?" என்றவர், சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கு இது மிஷின்ல ஏறணும். இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

முதலாளி பதறி எழுந்தார். "அக்கா, இந்தத் தொடர் கைவிட்டுப் போச்சுன்னா இங்க திருத்தறதுக்குப் புத்தகமே இருக்காது. அப்புறம் நீங்க எதுக்கு, நான் எதுக்கு? கையெழுத்தைப் போடுங்க."

"எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" நாவலாசிரியர் எழுந்து அலமாரியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்தார்.

"இருநூத்திப் பன்னண்டு."

புரட்டினார், படித்தார், புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க? காட்டுங்க."

இல்லை. மேலிருந்து கீழே மூன்று முறை தேடினாள். ஒற்றன் இருந்தான், குதிரை இருந்தது, சுரங்கம் இல்லை. பிறகு புரிந்தது. அச்சுக்கு முன் திருத்த வரும் முதல் புரூஃபைப் பார்த்தே அவள் அட்டை எழுதுவாள். இரண்டாவது புரூஃபில் அவர் ஒன்பது வரிகளை அடித்திருந்தார். அந்த வரிகள் போய்விட்டனவா என்று சரிபார்த்தவளும் அவளே. அட்டையைத் திருத்தத்தான் மறந்திருந்தாள்.

"என் தப்பு" என்றாள். நின்றபடியே சிவப்புப் பென்சிலால் அட்டையில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் தேதியும் மணியும் போட்டாள். மூன்று பத்து.

"அப்ப கையெழுத்து?"

பேனாவைத் திறந்து வலது மூலையில் வைத்தாள். 'அச்சுக்கு' வரை எழுதியவள் நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு. அந்த ஒம்பது வரிய ஏன் எடுத்தீங்க?"

"ஏன்னா?" என்றார் அவர் எரிச்சலோடு. "சுரங்கம் அவனுக்குத் தெரிஞ்சா மூணாம் பாகத்துலயே அங்க பொறி வெச்சிடுவான், உள்ள வந்தா இளவரசி காலி. வேற வழியே இல்ல. அதான்..."

அதோடு நின்றுவிட்டார். முதலாளியின் மேஜையில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

அவள் அட்டையை அவர் முன்னால் நகர்த்தினாள். "பதினேழு தடவை தோத்திருக்காரு. இளவரசியோட கெட்டிக்காரத்தனத்தால தோத்தாருன்னு நெனச்சு எழுதிட்டு வந்தேன். இப்பத்தான் தெரியுது, ஒவ்வொரு தடவையும் நீங்க அவரு கையப் புடிச்சுக்கிட்டீங்க. கை கட்டிப்போட்டிருக்கிறவனை அடிச்சு ஜெயிச்ச பொண்ணுக்குக் கிரீடம் எதுக்குங்க?"

"ஜனங்க படிக்கிறாங்களே!"

"எங்க வீட்டுக்காரரும் படிக்கிறாரு. அஞ்சு பாகமும். ஒரு தடவைகூட பயப்படலையாம்."

நாவலாசிரியர் அட்டையைக் கையில் எடுத்தார். பதினேழு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். போன் மறுபடி அடித்து ஓய்ந்தது. மூன்று இருபத்தைந்துக்கு அவர் தலை நிமிர்ந்து, "எத்தனை நாள் தருவீங்க?" என்று முதலாளியைக் கேட்டார்.

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எட்டு நாள். அதுக்கு மேல மிஷின் கெடைக்காது. அன்னிக்கும் ஏதாவது கேள்வியோட வந்தீங்கன்னா, அக்கா, பெட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க கெளம்ப வேண்டியதுதான்."

அந்த எட்டு நாளும் அவள் அந்தத் தொடரின் அட்டைகளை எல்லாம் அச்சான புத்தகங்களோடு ஒத்துப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். இன்னும் இரண்டு தவறுகள் அகப்பட்டன. இரண்டையும் அடித்துத் தேதி போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டு பத்துக்கு 611 முதல் 653 வரை புதிய பக்கங்கள் வந்தன. பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

சுரங்கம் அப்படியேதான் இருந்தது. காவல் இல்லை, பூட்டு இல்லை. இளவரசி தண்ணீரிலிருந்து முதல் படியில் கால் வைக்கிறாள். மூன்றாவது படியில் ஒரு விளக்கு எரிகிறது. அதன் அருகே, உலர்ந்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிப் பார்க்கிறாள். ஏழு. வந்திருப்பவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் சேர்ந்தது முந்தின நாள் சாயங்காலம்தான்.

ஈயமுகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவள் பக்கத்தைப் புரட்டினாள், புரட்டிக்கொண்டே போனாள். முடித்தபோது மூன்று இரண்டு. பென்சில் வைத்த இடத்திலேயே கிடந்தது. நாற்பத்து மூன்று பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. பிழை இல்லாமல் அல்ல, அவள் பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

பதறிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை பதினொரு பிழைகள் கிடைத்தன. அவை திருந்தி வந்ததும், மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். முதலாளி வாசலிலேயே நின்று தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பிறகு அவள் ஈயமுகனின் அட்டையை எடுத்து, பதினெட்டாவது வரியின் 'முடிவு' பத்தியில், அந்த அட்டையில் அதுவரை எழுதாத ஒரு சொல்லை எழுதினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்: "இப்பவாவது சொல்லேன். யாரு சாகுறா?"

"சொல்ல மாட்டேன்" என்றவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். "பின் கதவைப் பூட்டினீங்களா?"