ஆணித்தலை எழுத்து

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மாதிரி அச்செழுத்தை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். தார் பூசியதுபோல் கறுத்துத் தடித்து, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஆணித்தலைபோல் ஒரு கட்டை வைத்திருக்கும். ஊரில் வாந்திபேதி வந்தால், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அந்த எழுத்தில்தான் அச்சடித்து ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய ஒரு வருஷம்தான் என் தங்கையை ஆற்றங்கரையில் எரித்தோம்.

ஒருநாள் என் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு தயிர் விற்க டவுணுக்குப் போனேன். ரதவீதிச் சுவரில் அதே எழுத்து. பானையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி மறித்தார்.

"ஏன் தாயி ஓடுத? அது நம்ம கடைக்குப் புதுச்சேலை வந்திருக்குன்னு போட்ட நோட்டீசு. எல்லாரும் திரும்பிப் பாக்குத எழுத்தாப் போடும்னு அச்சாபீசுல நான்தான் சொன்னேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தோடு நானும் சிரித்தேன். பிறகு சேலை, நாடகம், மூக்குப்பொடி என்று சுவரெல்லாம் அந்த எழுத்துதான். பயம் விட்டுப்போயிற்று.

அடுத்த கோடையில் அவர் கடைக்குப் பக்கத்துக் கிணற்றுச் சுவரிலும் ஒட்டியிருந்தது. பசைகூடக் காயவில்லை. என் மகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கடை திறக்க வந்த அண்ணாச்சியிடம், "இப்ப என்ன சேலை அண்ணாச்சி?" என்றேன்.

அவர் வாசித்தார். சிரிக்கவில்லை.

"பிள்ளை குடிச்சிட்டானா?" என்று பையக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவன் முகம் சுளித்தாலே எனக்கு உயிர் போய் வந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் அவன்தான். தடித்த எழுத்தாக எழுதாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.