பொய் ஜன்னலுக்குப் பின்னால் சமுத்திரம்

ராஜபாளையத்தில் மைதானத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் தூண் வீட்டுக்கு மாடியில் ஐந்து ஜன்னல்கள். நான்குதான் திறக்கும். இடது ஓரத்து ஜன்னல் பொய். பச்சைக் கதவுகளுக்குப் பின்னால் சுவர்தான். கட்டிய காலத்தில் அது பஞ்சுப் பொதி அடுக்கிய அறை, வெளிச்சம் தேவைப்படவில்லை. ஆனால் முக்கோண முகப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால்தானே வெள்ளைக்காரன் வீடு மாதிரித் தெரியும்? ஆகவே வெறும் கதவுகளைப் பதித்துவிட்டார்கள்.

அந்த அறையில் இப்போது சமுத்திரம் அண்ணன் குடியிருக்கிறார். கான்சாபுரத்துக்காரர். நூல் மில்லில் ஃபிட்டர், எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்காகவே அறையைப் பிடித்தவர். அடுத்த அறையில் நானும் வாடகைக்கு இருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன்.

சித்திரை வெயிலில் அவர் அறையிலிருந்து வேர்த்து வழிய இறங்கி வந்ததைப் பார்த்து வீட்டுக்கார அம்மா கனகலட்சுமிக்கு மனம் இளகிவிட்டது.

"நாளைக்குக் கொத்தனார் வாரான். சுவரை ஒடைச்சு நெசமான ஜன்னலாக்கித் தாரேன்."

"ஒங்களுக்கு எதுக்குக்கா செரமம்?"

"எனக்கென்ன செரமம்? கொத்தனாருக்குத்தான்."

அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவர் அக்கா. அவரிடம் வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு நா எழவில்லை. என்னிடம் வந்தார்.

"நீ படிச்சவன்லா. சுவர்ல கை வச்சா தூணு சாஞ்சிரும்னு ஒரு வார்த்தை சொல்லுலே. நான் தூங்கணும்."

தூண் சாயாது. அது கீழ் வராந்தாக் கூரையை மட்டும்தான் தாங்குகிறது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் இந்தப் பொய்க்கா என்று யோசித்துக்கொண்டே அக்காவிடம் போனேன். பாதிப் பொய்தான் வாயில் வந்தது.

"முகப்போட அழகு கெட்டுரும்க்கா."

"வெளிய அதே கதவுதானலே இருக்கப் போவுது. அழகு எங்க ஓடிரும்?"

மறுநாள் சுவர் உடைந்தது. காலை வெயில் நேரே அண்ணனின் பாயில் வந்து படுத்துக்கொண்டது. அவர் உள்பக்கம் கறுப்புத் தார்ப்பாயைக் கட்டி வெயிலைச் சமாளித்துவிட்டார். அக்காவைத்தான் சமாளிக்க முடியவில்லை. தினமும் மத்தியானம் வராந்தாவில் நின்று, "சமுத்திரம், காத்து வருதாடே?" என்று கத்துவார். அண்ணன் திடுக்கிட்டு எழுந்து, "வருதுக்கா" என்பார். பிறகு தூக்கம் வராது.

வராந்தாக் கூரை மறைப்பதால் கீழிருந்து மாடி தெரியாது. அந்தத் துணிச்சலில், அண்ணன் எழுவதற்குள் அவர் மாதிரியே குரலைக் கரகரப்பாக்கி நானே பதில் சொல்லத் தொடங்கினேன்.

நேற்றும் கேட்டார். "வருதுக்கா" என்றேன்.



"சரிடே. அவன் கொறட்டை இங்க வரைக்கும் கேக்கு. நீ போயிப் படி."